எச்.ஜி. வெல்ஸ்: போரை வெறுத்த எழுத்தாளர், பொம்மைப் படைகளோடு தரையில் படுத்து விளையாடியது ஏன்?

கையில் ஒரு மெல்லிய பிரஷ். எதிரே இரண்டு அங்குலம்கூட உயரம் இல்லாத ஒரு குட்டிச் சிப்பாய். சட்டைக்கு ஒரு நிறம், காலருக்கு ஒரு நிறம், தோள்பட்டையில் ஒரு கோடு. இப்படி நூற்றுக்கணக்கில் வண்ணம் தீட்டி, மேசை மேல அணி வகுத்து நிறுத்தி, விதிமுறைப்படி போர் விளையாட்டு ஆடுபவர்கள் இன்று உலகம் முழுக்க இருக்கிறார்கள். வாட்டர்லூ போர், அமெரிக்க உள்நாட்டுப் போர், இரண்டாம் உலகப் போரின் டாங்கிச் சண்டைகள் என எல்லாமே இவர்களின் மேசைக்கு வந்துவிடும்.

சரி, இந்தப் பொழுதுபோக்கை ராணுவ அலுவலகத்திலிருந்து சாதாரண மக்களின் வீட்டுக்குள் கொண்டு வந்தவர் யார்? ஒரு தளபதி என்று நினைத்தால், இல்லை. கால எந்திரத்தையும் செவ்வாய்க் கிரகவாசிகளின் படையெடுப்பையும் கற்பனை செய்த எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ்தான் அவர். அதிலும் போர் வேண்டாம் என்று வாழ்நாள் முழுக்க எழுதியவர்.

போர் வேண்டாம் என்றவர் ஏன் போர் விளையாட்டுக்கு விதி எழுதினார்? அதற்கு அடுத்த ஆண்டே நிஜப் போர் வந்தபோது என்ன செய்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த வெல்ஸ்?

ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் 1866 செப்டம்பர் 21 அன்று இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள பிராம்லியில் பிறந்தார். வசதியான குடும்பம் இல்லை. அப்பா ஜோசப் வெல்ஸ் பீங்கான் பாத்திரங்கள் விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். கடையில் வியாபாரம் சரியாகப் போகவில்லை. கிரிக்கெட்தான் அவருக்குக் கை கொடுத்தது. கென்ட் அணிக்காக ஆடிய பந்துவீச்சாளர் அவர். 1862ஆம் ஆண்டு ஒரு ஆட்டத்தில் அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு விக்கெட் எடுத்தவர். அம்மா சாரா, பெரிய வீடுகளில் பணிப்பெண்ணாக இருந்தவர்.

வெல்ஸுக்கு 7 வயது இருக்கும்போது கால் எலும்பு முறிந்தது. வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடக்க வேண்டிய நிலை. பொழுது போகாத பையனுக்கு அப்பா நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுத்து வந்து கொடுத்தார். தன் வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட சம்பவம் இதுதான் என்று வெல்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1877இல் அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிந்தது. கிரிக்கெட் வருமானம் அதோடு நின்றுபோனது. அம்மா சசெக்ஸில் உள்ள அப்பார்க் என்ற பெரிய மாளிகைக்கு வீட்டு நிர்வாகியாக வேலைக்குப் போய்விட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். வெல்ஸ் சவுத்சீயில் ஒரு துணிக்கடையில் பயிற்சியாளராகச் சேர்க்கப்பட்டார். ஒரு நாளைக்கு 13 மணி நேர வேலை. ராத்திரி மற்ற பையன்களோடு ஒரே கூடத்தில் தூக்கம்.

அந்த வேலையை அவர் மனதார வெறுத்தார். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி, ஏறக்குறைய 27 கிலோமீட்டர் நடந்தே அப்பார்க்குக்குப் போய், இனிமேல் அந்தக் கடைக்குத் திரும்ப மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னார். கடைசியில் அம்மா இறங்கி வந்தார். பள்ளியில் மாணவனாகவும் ஆசிரியராகவும் ஒரே நேரத்தில் இருக்கும் வாய்ப்பு கிடைத்தது. 1884இல் உதவித்தொகையோடு லண்டன் சவுத் கென்சிங்டனில் இருந்த அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு உயிரியல் சொல்லிக் கொடுத்தவர் தாமஸ் ஹக்ஸ்லி. டார்வினின் பரிணாமக் கொள்கைக்காக ஊர் ஊராக வாதாடிய அதே ஹக்ஸ்லிதான்.

அதன் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. 1895இல் 'தி டைம் மெஷின்', 1896இல் 'தி ஐலண்ட் ஆஃப் டாக்டர் மோரோ', 1897இல் 'தி இன்விசிபிள் மேன்', 1898இல் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்'. நான்கே ஆண்டுகளில் அறிவியல் புனைகதை என்ற வகைக்கே அடித்தளம் போட்டுவிட்டார். துணிக்கடைப் பையன் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் ஆனார்.

13 வயதுத் தளபதி

வெல்ஸுக்குப் போர் மேல் இருந்த ஈர்ப்பு புத்தகம் எழுதத் தொடங்கிய பிறகு வந்ததில்லை. சின்ன வயசிலேயே இருந்தது. 1934இல் வெளியான தன் வரலாற்று நூலில் அவரே அதை விரிவாக எழுதியிருக்கிறார்.

13 வயதில், தனியாக நடந்து போகும்போதெல்லாம் அவர் மனதுக்குள் ஒரு படையை நடத்திக்கொண்டு போவாராம். பிராம்லியில் மார்ட்டின்ஸ் ஹில் என்று ஒரு மேடு உண்டு. மற்றவர்களுக்கு அது புல்வெளி. அவருக்கு அது உலகத்தின் பெரிய போர்க்களங்களில் ஒன்று. எதிரிப் படைகளை அங்கே எத்தனையோ முறை தோற்கடித்து, மன்னர்களைச் சரணடைய வைத்து, உலகத்துக்கே புதிய சட்டம் எழுதியிருக்கிறார். எல்லாம் கற்பனையில்தான்.

இதைச் சொல்லிவிட்டு அவர் எழுதியிருப்பது முக்கியமானது. ஹிட்லர் என்பவர், 13 வயதில் தனக்கு இருந்த அந்தக் கனவு உயிர் பெற்று வந்தது போல இருக்கிறார் என்கிறார் வெல்ஸ். தன்னைப் போன்றவர்கள் வளர்ந்து அதைக் கடந்துவிட்டார்கள், சிலர் கடக்கவே இல்லை என்பதுதான் அவர் பார்வை. போர் விளையாட்டைப் பற்றி அவர் யோசித்த விதத்தைப் புரிந்துகொள்ள இது ஒரு சாவி.

சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கிய சண்டை

1895இல் வெல்ஸ், ஏமி கேத்தரின் ராபின்ஸைத் திருமணம் செய்துகொண்டார். ஜேன் என்றுதான் அவரை அழைப்பார். 1901இல் ஜார்ஜ் பிலிப், 1903இல் ஃபிராங்க் என இரண்டு மகன்கள். மூத்தவனுக்குச் செல்லப் பெயர் ஜிப். அப்போது குடும்பம் கென்ட் கடற்கரையில் சாண்ட்கேட் என்ற ஊரில் ஸ்பேட் ஹவுஸ் என்ற வீட்டில் இருந்தது.

வீட்டில் இரண்டு பையன்கள் இருந்தால் தரை எப்படி இருக்கும்? எங்கே பார்த்தாலும் மரக்கட்டைகள், பொம்மை ரயில், ஈயச் சிப்பாய்கள். 1903இல் வெல்ஸ் எழுதிய 'தி மேஜிக் ஷாப்' சிறுகதையிலேயே ஜிப் என்ற பையன் வருகிறான். அவனுக்குக் கிடைக்கும் ஈயச் சிப்பாய்கள், ஒரு வார்த்தை சொன்னால் தானாக நடக்கத் தொடங்கும்.

ஒருநாள் வெல்ஸோடு சாப்பிட ஒரு நண்பர் வந்திருந்தார். வெல்ஸ் தன் புத்தகத்தில் அவர் பெயரைச் சொல்லாமல் ஜே.கே.ஜே. என்ற முதலெழுத்துகளை மட்டும் தருகிறார். 'த்ரீ மென் இன் எ போட்' எழுதிய ஜெரோம் கே. ஜெரோம்தான் அவர் என்று பரவலாகக் கருதப்படுகிறது. சாப்பாடு முடிந்து காபி வருவதற்குள், நண்பர் பக்கத்து மேசையில் கிடந்த பொம்மைப் பீரங்கியை எடுத்தார். அது ஸ்பிரிங் வைத்த பீரங்கி. சின்ன மரக்குச்சியை உள்ளே போட்டுச் சுடலாம். குறி வைத்தார், சுட்டார், ஒரு சிப்பாய் விழுந்தான்.

அவ்வளவுதான். அடுத்தது யார் சுடுவது என்று போட்டி தொடங்கிவிட்டது. வெறுமனே வரிசையாக நிறுத்திச் சுட்டால் சலித்துவிடும் என்பதால், மறைந்துகொள்ள புத்தகங்களும் மரக்கட்டைகளும் வந்தன. அப்புறம் சிப்பாய்கள் நகர வேண்டும் என்ற யோசனை. ஒரே முறையில் எவ்வளவு தூரம் நகரலாம் என்ற கேள்வி. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஒரு முழு விளையாட்டு உருவானது.

1911இல் வெல்ஸ் 'ஃப்ளோர் கேம்ஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். தரையில் மரக்கட்டைகளை வைத்து ஊரும் தீவும் கட்டும் விளையாட்டுகளைப் பற்றியது அது. 1913இல் அதன் தொடர்ச்சியாக 'லிட்டில் வார்ஸ்' வந்தது. 'குட்டிப் போர்கள்' என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். 12 வயதிலிருந்து 150 வயது வரை யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்று அட்டையிலேயே வேடிக்கையாக அறிவித்திருந்தார்.

விதிகள் எப்படி இருந்தன?

இன்றைய போர் விளையாட்டுகளில் பகடை உருட்டுவது வழக்கம். வெல்ஸின் விளையாட்டில் பகடையே கிடையாது. பீரங்கியால் நிஜமாகவே குறி பார்த்துச் சுட வேண்டும். எந்தச் சிப்பாய் விழுகிறானோ அவன் இறந்ததாகக் கணக்கு. அந்தப் பீரங்கி 9 கெஜ தூரத்தில் நிற்கும் சிப்பாயையும் அடித்து வீழ்த்தும் என்று பெருமையாக எழுதியிருக்கிறார்.

மற்ற விதிகளும் எளிமையானவை.

காலாட்படை ஒரு முறைக்கு 1 அடி நகரலாம். குதிரைப்படை 2 அடி. அளப்பதற்கு நூல்தான்.

பீரங்கி ஒரு முறையில் நகரலாம், அல்லது நான்கு தடவை சுடலாம். இரண்டும் சேர்த்துச் செய்ய முடியாது. அதை இயக்க 6 அங்குலத்துக்குள் குறைந்தது நான்கு சிப்பாய்கள் உயிரோடு இருக்க வேண்டும்.

ஆட்டம் தொடங்கும் முன் நடுவில் ஒரு திரை. இரண்டு பேரும் அடுத்தவர் கண்ணில் படாமல் தங்கள் படையை நிறுத்துவார்கள். பிறகு திரையை விலக்குவார்கள்.

யோசிக்கவும் நேர வரம்பு உண்டு. 30 சிப்பாய்களுக்கு ஒரு நிமிடம், ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒரு நிமிடம். 110 சிப்பாய்களும் 3 பீரங்கிகளும் வைத்திருப்பவருக்கு 7 நிமிடம் கிடைக்கும். அதற்குள் நகர்த்தாவிட்டால் நிற்பது நின்றபடியே நிற்கும்.

இரண்டு படைகளும் நேருக்கு நேர் மோதிக்கொண்டால் ஆளுக்கு ஆள் என்று இரண்டு பக்கமும் சாவு விழும். ஒரு பக்கம் ஆதரவில்லாமல் சிக்கிக்கொண்டால் கைதிகள் பிடிபடுவார்கள்.

இந்த நேர வரம்பு சாதாரண விஷயமாகத் தோன்றலாம். ஆனால் விளையாட்டின் உயிரே அதில்தான் இருந்தது. பதற்றத்தில் ஒரு படைப்பிரிவை மறந்துவிடுவது, பீரங்கியைத் தப்பான இடத்தில் விட்டுவிடுவது, கண்முன்னால் இருக்கும் ஆபத்தைக் கவனிக்காமல் போவது என எல்லாத் தவறுகளும் நடந்தன. நிஜத் தளபதிகளும் இப்படித்தானே தடுமாறுவார்கள் என்ற எண்ணம் வெல்ஸுக்கு வலுத்தது.

அவருக்கு முன்னால் யாரும் ஆடவில்லையா?

ஆடினார்கள். யானை, தேர், குதிரை, காலாள் என்ற நான்கு படைகளை வைத்து இந்தியாவில் உருவான சதுரங்கமே ஒரு போர் விளையாட்டுதான். ஆனால் நிஜ நிலப்பரப்பு, நிஜ தூரம், நிஜ நேரம் ஆகியவற்றைக் கொண்டுவந்தவர்கள் பிரஷ்யர்கள். ரைஸ்விட்ஸ் என்ற அப்பாவும் மகனும் உருவாக்கிய 'கிரீக்ஸ்பீல்' என்ற விளையாட்டை 1824இல் பிரஷ்ய ராணுவம் அதிகாரிகளின் பயிற்சிக்காக ஏற்றுக்கொண்டது. 1870-71 போரில் பிரான்ஸை ஜெர்மானியர்கள் தோற்கடித்த பிறகு, மற்ற நாட்டு ராணுவங்களும் இதைக் கையில் எடுத்தன. வரைபடம், அட்டவணை, நடுவர் என்று அது அதிகாரிகளின் சமாச்சாரம். பொது மக்களுக்கு அதில் வேலை இல்லை.

எழுத்தாளர்களிலும் வெல்ஸ் முதல் ஆள் இல்லை. 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதிய ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன், சுவிட்சர்லாந்தின் தாவோஸில் உடல்நலத்துக்காகத் தங்கியிருந்தபோது, மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்த மகன் லாய்டோடு பொம்மைச் சிப்பாய்களை வைத்து நாள்கணக்கில் போர் நடத்தியிருக்கிறார். ஆனால் அது அவர்கள் வீட்டோடு நின்றுவிட்டது. எல்லோரும் வாங்கிப் படித்து ஆடக்கூடிய விதிப் புத்தகமாக்கிப் பரப்பியது வெல்ஸ்தான்.

சரியான நேரமும் அமைந்தது. அதுவரை நல்ல பொம்மைச் சிப்பாய்கள் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்துதான் வந்தன. 1893இல் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன் என்பவர் ஒரு புதிய வார்ப்பு முறையைக் கண்டுபிடித்தார். உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றுவார்கள். அச்சை ஒட்டிய பகுதி முதலில் இறுகும். உள்ளே இறுகாமல் இருப்பதை வெளியே கவிழ்த்துவிடுவார்கள். பொம்மை உள்ளே கூடாக இருக்கும். ஈயம் மிச்சம், எடை குறைவு, விலையும் மலிவு. 54 மில்லிமீட்டர் உயரம் கொண்ட இந்தச் சிப்பாய்களுக்குக் கையாலேயே பளபளப்பான வண்ணம் பூசிப் பெட்டியில் அடுக்கி விற்றார்கள். வெல்ஸ் வீட்டுத் தரையில் நின்ற படைகளும் இந்த ரகம்தான்.

கடையில் சிப்பாய்கள் மட்டும்தானா?

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம். 1911 புத்தகத்தில் வெல்ஸ் ஒரு புகாரை வைக்கிறார். பொம்மைக் கடைக்குப் போனால் எங்கே பார்த்தாலும் சிப்பாய்கள்தான் இருக்கிறார்கள், சாதாரண மனிதர்களே இல்லையே என்பதுதான் அது. தன் பையன்கள் கட்டும் ஊருக்குக் கறிக்கடைக்காரர் வேண்டும், ரொட்டி சுடுபவர் வேண்டும், வியாபாரி வேண்டும், தெருவில் போகிற வருகிற ஜனங்கள் வேண்டும். எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் எந்த நாட்டுச் சிப்பாய் வேண்டும் என்றாலும் பெட்டி பெட்டியாக இருந்தது.

படிக்கும்போது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைய ஐரோப்பாவை நினைத்துப் பாருங்கள். பிரிட்டனும் ஜெர்மனியும் போட்டி போட்டுக்கொண்டு போர்க்கப்பல் கட்டிக்கொண்டிருந்த காலம். குழந்தைகளின் பொம்மை அலமாரி வரைக்கும் அந்த மனநிலை வந்துவிட்டது என்பதை அவர் கவனித்திருக்கிறார்.

'லிட்டில் வார்ஸ்' புத்தகத்தின் முடிவில் வெல்ஸ் தன் வாதத்தை நேரடியாக வைக்கிறார். இந்த விளையாட்டை மூன்று நான்கு தடவை ஆடிப் பார்த்தாலே போதும், நிஜப் போர் எவ்வளவு தடுமாற்றமான காரியம் என்பது புரிந்துவிடும் என்கிறார். குட்டிப் போரில் உடைந்த உடல் கிடையாது, இடிந்த வீடு கிடையாது, அநாதையான பிள்ளை கிடையாது. போர் ஆசை பிடித்த மன்னர்களையும் தளபதிகளையும் ஒரு பெரிய அறையில் போட்டு, வேண்டிய அளவு பொம்மைச் சிப்பாய்களைக் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் நிம்மதியாக வாழலாம் என்பது அவர் யோசனை. நிஜப் போர் என்பது உலகத்திலேயே அதிகச் செலவு பிடிக்கிற விளையாட்டு என்பதோடு, மனித அறிவுக்குப் பொருந்தாத அளவில் நடக்கிற விளையாட்டும்கூட என்று முடிக்கிறார்.

இது வெளியானது 1913இல்.

அடுத்த ஆண்டு என்ன நடந்தது?

1914 ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மனிக்கு எதிராகப் போரில் இறங்குவதாக பிரிட்டன் அறிவித்தது. அதே நாளில் வெல்ஸுக்கு இன்னொரு மகன் பிறந்தான். எழுத்தாளர் ரெபெக்கா வெஸ்ட்டுடன் அவருக்கு இருந்த உறவில் பிறந்த ஆண்டனி வெஸ்ட் அவன். பெண்கள் விஷயத்தில் வெல்ஸின் வாழ்க்கை அன்றே பெரிய விமர்சனத்துக்கு உள்ளானது. ஜேன் அதையெல்லாம் தாங்கிக்கொண்டுதான் கடைசி வரை அவரோடு வாழ்ந்தார்.

பொம்மைப் போரே போதும் என்று எழுதியவர், நிஜப் போர் வந்ததும் என்ன சொன்னார்? பலர் எதிர்பார்க்காததைச் செய்தார். போரை ஆதரித்தார். ஜெர்மன் ராணுவ வெறியை முறியடித்துவிட்டால் இனி உலகத்தில் போரே இருக்காது என்ற நம்பிக்கையில் கட்டுரைகளை எழுதித் தள்ளினார். 'தி வார் தட் வில் எண்ட் வார்' என்ற தலைப்பில் அவை புத்தகமாகவும் வந்தன. போர்களுக்கு முடிவு கட்டும் போர் என்ற அந்தச் சொற்றொடர் அரசியல்வாதிகளின் வாயில் ஒட்டிக்கொண்டது. பின்னாளில் கசப்பான கேலியாகவும் மாறியது. அமைதியை விரும்பிய நண்பர்கள் பலர் அவரை மன்னிக்கவே இல்லை.

போர் நீளநீள அவர் நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1916இல் வந்த 'மிஸ்டர் பிரிட்லிங் சீஸ் இட் த்ரூ' நாவலில் அது தெரிகிறது. அதில் வரும் எழுத்தாளர் பிரிட்லிங் கிட்டத்தட்ட வெல்ஸேதான். பிரிட்லிங்கின் மகன் போர்முனையில் கொல்லப்படுகிறான். அந்த வீட்டில் முன்பு ஆசிரியராகத் தங்கியிருந்த ஜெர்மன் இளைஞனும் எதிர்ப்பக்கத்தில் இறந்துபோகிறான். மகனை இழந்த ஆங்கிலேயத் தந்தை, மகனை இழந்த ஜெர்மன் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுத முயல்கிறார். அந்த இடத்தில் நாவல் முடிவை நெருங்குகிறது. வெல்ஸின் சொந்த மகன்கள் இருவரும் அப்போது போருக்குப் போகும் வயதை எட்டாத சிறுவர்கள். ஆனால் அவர்களைவிடச் சில வயது மூத்த ஒரு தலைமுறையே பதுங்குகுழிகளில் அழிந்துகொண்டிருந்தது.

முதல் உலகப் போரில் எல்லாத் தரப்பிலும் சேர்த்து 90 லட்சத்துக்கும் அதிகமான வீரர்கள் இறந்தார்கள். 1918இல் வெல்ஸ் எதிரி நாட்டுக்கான பிரசாரப் பிரிவில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, அதிருப்தியில் விலகினார். அதற்குப் பிறகு, தேசங்களுக்கு மேலே ஒரு உலக அமைப்பு வேண்டும் என்பதையே திரும்பத் திரும்ப எழுதினார்.

கற்பனை செய்ததெல்லாம் வந்தது

வெல்ஸின் வாழ்க்கையில் ஒரு சோகம் உண்டு. அவர் எச்சரித்தவை பலித்தன. அதிலும் ஆயுதங்கள்.

1903இல் 'தி லேண்ட் அயர்ன்கிளாட்ஸ்' என்ற கதையை எழுதினார். பதுங்குகுழிகளைத் தாண்டி நகரும் இரும்புக் கவச வண்டிகள் அதில் வருகின்றன. 13 ஆண்டுகள் கழித்து, 1916 செப்டம்பர் 15 அன்று, பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் பிரிட்டிஷ் டாங்கிகள் முதன்முறையாக இறங்கின. டாங்கித் திட்டத்துக்குப் பின்னால் இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், அந்த யோசனையில் வெல்ஸுக்குப் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டிருக்கிறார். சர்ச்சிலும் சிறுவயதில் ஏறக்குறைய 1,500 பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடியவர்தான்.

1908இல் 'தி வார் இன் தி ஏர்' நாவலில், வானத்திலிருந்து நகரங்கள் மீது குண்டு விழுவதை எழுதினார். 1914இல் 'தி வேர்ல்ட் செட் ஃப்ரீ' நாவலில் அணுகுண்டு என்ற சொல்லையே பயன்படுத்தினார். இந்த நாவலை 1932இல் படித்தவர்களில் ஒருவர் ஹங்கேரியில் பிறந்த இயற்பியலாளர் லியோ ஸிலார்ட். அடுத்த ஆண்டு அணுக்கருத் தொடர்வினை என்ற யோசனை அவருக்கு உதித்தது. அதை வைத்து என்ன செய்ய முடியும் என்பது அவருக்கு உடனே உறைத்தது. காரணம், வெல்ஸின் நாவலை ஏற்கெனவே படித்திருந்தார். காப்புரிமையை ரகசியமாக வைத்திருக்கும்படி பிரிட்டிஷ் கடற்படை நிர்வாகத்திடம் ஒப்படைத்தார்.

1940இல், லண்டன் மீது நிஜமாகவே குண்டுகள் விழுந்தன. வெல்ஸ் ரீஜென்ட்ஸ் பூங்கா அருகே இருந்த தன் வீட்டை விட்டுப் போக மறுத்துவிட்டார். அதே ஆண்டு மனித உரிமைகள் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். 1948இல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்துக்கு முன்னோடியாக அமைந்த முயற்சிகளில் ஒன்றாக அது கருதப்படுகிறது. 1941இல் 'தி வார் இன் தி ஏர்' மறுபதிப்பு வந்தபோது, அதற்கான முன்னுரையில், தான் முன்பே எச்சரித்ததை முட்டாள்கள் கேட்கவில்லை என்ற அர்த்தத்தில் ஒரு வரியைத் தன் கல்லறை வாசகமாக வைக்கலாம் என்று எழுதினார்.

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா மீது அணுகுண்டு விழுந்தது. அதைக் கேள்விப்படும் வரை அவர் உயிரோடு இருந்தார். 1946 ஆகஸ்ட் 13 அன்று, 79 வயதில் லண்டனில் காலமானார்.

விளையாட்டு என்ன ஆனது?

முதல் உலகப் போருக்குப் பிறகு பலருக்குப் போர் விளையாட்டு ஆடும் மனநிலை இல்லை. ஆனால் புத்தகம் சாகவில்லை. 1956இல் எடுக்கப்பட்ட ஒரு செய்திப் படத்தில், டிராகுலா படங்களிலும் பின்னர் ஸ்டார் வார்ஸிலும் நடித்த பீட்டர் குஷிங், வீட்டுத் தரையில் படுத்துக்கொண்டு வெல்ஸின் விதிப்படி விளையாடுவதைப் பார்க்கலாம். அவர் தானே சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டுவார்.

1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய 'வார் கேம்ஸ்' புத்தகம் பிரிட்டனில் இந்தப் பொழுதுபோக்கை மறுபடியும் பரப்பியது. இவர் இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தவர். அமெரிக்காவில் பொம்மைச் சிப்பாய் விளையாட்டிலிருந்து 1971இல் 'செயின்மெயில்' வந்தது. அதிலிருந்து 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பிறந்தது. அதன் படைப்பாளிகளில் ஒருவரான கேரி கைகாக்ஸ், 2004இல் வெளியான 'லிட்டில் வார்ஸ்' மறுபதிப்புக்கு முன்னுரை எழுதினார். இன்றைக்கு கம்ப்யூட்டரில் நாம் ஆடும் பல வியூக விளையாட்டுகளுக்கும் இந்தப் பரம்பரையில் பங்கு உண்டு.

இப்போது எப்படி வண்ணம் தீட்டுகிறார்கள்?

வெல்ஸ் காலத்தில் சிப்பாய்கள் கடையிலேயே வண்ணத்தோடு வந்தார்கள். இன்று பெரும்பாலும் வெறும் உலோகமாகவோ பிளாஸ்டிக்காகவோதான் வருகிறார்கள். ஈயத்தில் இருக்கும் நச்சுத்தன்மை காரணமாக பிரிட்டனில் 1960களிலேயே ஈயப் பொம்மைகளுக்கு முடிவு வந்துவிட்டது. அளவும் சின்னதாகிவிட்டது. 28 மில்லிமீட்டர், 15 மில்லிமீட்டர், சில சமயம் வெறும் 6 மில்லிமீட்டர்!

முதலில் அச்சுக் கோடுகளைக் கத்தியால் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைப்பார்கள். பிறகு வண்ணம் பிடித்து நிற்பதற்காக பிரைமர் அடிப்பார்கள். அதன் மேல் ஒவ்வொரு பகுதிக்கும் அடிப்படை நிறம். அடுத்து நீர்த்த கருமையான வண்ணத்தை மேலே ஓட விடுவார்கள். அது துணி மடிப்புகளிலும் இடுக்குகளிலும் தங்கி நிழல் போலத் தெரியும். பிரஷ்ஷைத் துடைத்துவிட்டு, மிச்சம் மீதி ஒட்டியிருக்கும் வெளிர் நிறத்தை மேடான இடங்களில் லேசாகத் தேய்த்தால் வெளிச்சம் பட்டது போல ஆகிவிடும். கடைசியாக வார்னிஷ், காலடியில் கொஞ்சம் மணல், கொஞ்சம் செயற்கைப் புல்.

டாங்கி, லாரி என்றால் இன்னொரு வேலையும் உண்டு. புது வண்டி மாதிரி பளபளன்னு இருக்கக் கூடாது. பெயிண்ட் உரிந்த இடம், துரு, சக்கரத்தில் சேறு, புகைபோக்கியில் கரி என்று எல்லாம் வேண்டும். எந்த ஆண்டு, எந்தப் போர்முனை என்பதைப் பொறுத்து நிறம் மாறும். ஜெர்மன் டாங்கிகள் போரின் தொடக்கத்தில் அடர் சாம்பல் நிறம், 1943 முதல் அடர் மஞ்சள். வாட்டர்லூ காலத்து பிரிட்டிஷ் சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் காலரும் கைப்பட்டையும் ஒவ்வொரு ரெஜிமென்டுக்கும் வேறு வேறு நிறம். அதைத் தேடிக் கண்டுபிடிக்கவே பலர் நாள்கணக்கில் வரலாற்றுப் புத்தகங்களைப் புரட்டுகிறார்கள்.

ஒரு சிப்பாய்க்கு இவ்வளவு நேரம் செலவழிப்பவர், அவனை மேசையில் வைத்து ஒரே சூட்டில் இழக்கும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். வெல்ஸ் சொல்ல வந்ததும் ஏறக்குறைய இதைத்தான். ஈயத்தில் விழுந்தவனைத் திரும்ப எழுப்பி நிறுத்திவிடலாம்.

இந்த விளையாட்டு போரைத் தடுத்ததா என்று கேட்டால், இல்லை. அவர் நம்பிய அளவுக்கு மன்னர்களும் தளபதிகளும் பொம்மைகளோடு திருப்தியடையவில்லை. போருக்குப் பழக்குவதற்காக விளையாடிய பிரஷ்ய அதிகாரிகளும், போர் எவ்வளவு பெரிய தவறு என்று புரிந்துகொள்வதற்காக விளையாடிய வெல்ஸும் ஏறக்குறைய ஒரே விளையாட்டைத்தான் ஆடினார்கள். யார் ஆடுகிறார்கள், எதற்காக ஆடுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

ஆனால் அவருடைய இன்னொரு ஆசை மட்டும் நிறைவேறிவிட்டது. இன்று இந்தக் குட்டி உருவங்களை விற்பவர்களிடம் சிப்பாய்களோடு சேர்த்து விவசாயிகள், சந்தை வியாபாரிகள், ரொட்டிக்காரர், கறிக்கடைக்காரர், மூட்டை முடிச்சோடு ஊரை விட்டுப் போகும் குடும்பங்கள் என எல்லோரும் கிடைக்கிறார்கள். 1911இல் கடை கடையாகத் தேடியும் வெல்ஸுக்குக் கிடைக்காத அந்தச் சாதாரண ஜனங்களுக்கும் இப்போது யாரோ பொறுமையாக உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.